நோவும் நானும் பலெர்மோவில் வேலைக்குப் போன கதை

வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு வாளி, தும்புத்தடி, துடைக்கிற துணி எல்லாம் வீட்டுக்கார அம்மா, சின்யோரா, தருவா. உடம்பை மட்டும் நாங்கள்தான் கொண்டுபோகவேண்டும்.

எனக்கு அந்த உடம்பில்தான் பிரச்சினை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் இத்தாலியில், பலெர்மோ நகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடிய எழும்பும்போதே ஆரோ என்னை இரவிரவாக உரலில் போட்டு இடித்ததுபோல இருக்கும். தோள் உளையும். முழங்கால் குத்தும். இடைக்கிடை ஒற்றைத் தலையிடி வந்து கண்ணைத் திறக்கவிடாது. வயிறு என்னைக் கேளாமல் தன்பாட்டில் ஒரு குடித்தனம் நடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே களைப்பு. படுத்து எழும்பினால் போகிற களைப்பு இல்லை, படுத்து எழும்பினதாலேயே வந்ததுபோன்ற களைப்பு. ஆனால் பார்க்கிறவைக்கு நான் நல்ல கொழுகொழுவென்று இருப்பேன். அதுதான் பெரிய இடைஞ்சல்.

உங்களுக்கும் இப்படி ஒரு உடம்பு வாய்த்திருந்தால், பக்கத்தில் வந்து இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இத்தாலியர் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

ஒரு சொல் மொழிபெயர்ப்பாளர்

நாங்கள் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். என் மனுசன் சூசை, துறைமுகப் பக்கம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். எனக்கு முன்னமே வந்தவர் என்றபடியால் வீட்டில் அவர்தான் இத்தாலியன் பண்டிதர். முதன்முதல் டொக்டரிடம் போனபோது அவரையே மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் வயதான மனிசன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, என்ன செய்கிறது என்று கேட்டார். நான் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினேன். "தோளிலை உளையுது. முழங்காலிலை குத்துது. கை விறைக்குது, பிறகு எரியுது. மழைக்கு முதல் எலும்புக்குள்ளை ஆரோ கயிறு முறுக்கிற மாதிரிக் கிடக்கு. காலமை எழும்பேக்கை விரல் மடங்காது." சூசை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, "மாலே" என்றார்.

மாலே என்றால் நோ, வலி. அவ்வளவுதான். மீன்களின் பெயரும் சட்டிகளின் பெயரும் சில கெட்ட வார்த்தைகளும் தெரிந்தால் கோப்பை கழுவப் போதும். உளைவுக்கும் குத்துக்கும் அங்கே தேவை வந்திருக்காது. டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உம்மடை மனுசி ஒரு பிரசங்கமே வைச்சா. நீர் எனக்கு ஒரு சொல் தாறீர். மிச்சத்தை எங்கை வைச்சிருக்கிறீர்?"

மேசையின் அடிப்பக்கம்

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டுச் சின்யோரா ஒரு விதவை. பிள்ளைகள் வடக்கே போய்விட்டார்கள். வீடு நிறையக் கண்ணாடி அலுமாரி, படம், வெள்ளிச் சாமான். நடு அறையில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை. அதில் சாப்பிட ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை மினுக்கவேண்டும்.

ஒரு கோடை வெள்ளிக்கிழமை சின்யோரா தலைமயிர் வெட்டப் போயிருந்தா. எனக்கு நிற்க ஏலவில்லை. நிலமோ பளிங்கு, ஐஸ் மாதிரிக் குளிர். கொஞ்சம் முதுகை வைத்து எடுப்போம் என்று மேசைக்குக் கீழே நீட்டிப் படுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்தது, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சோடிச் சப்பாத்தும், "மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்ட ஒரு கூக்குரலும்தான். நான் செத்துவிட்டேன் என்று சின்யோரா நினைத்துவிட்டா. வேலை போச்சு என்று நினைத்தேன். வாய்க்கு வந்த இத்தாலியனில், "மேசை... கீழை... ஊத்தை" என்றேன். அவ முழங்கால் நெரியக் குனிந்து, மேசையின் அடியை அண்ணாந்து பார்த்தா. நல்லகாலம், அங்கே உண்மையாகவே சிலந்திவலை இருந்தது. எழும்பிப் போய்விட்டா.

அடுத்த வெள்ளி அந்த மேசைக்குக் கீழே, பளிங்கு நிலத்தில், ஒரு சின்னத் தலையணை கிடந்தது. இது என்ன சின்யோரா என்று கேட்டேன். அவ பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேசையின்ரை அடியைத் துடைக்கிறவைக்குக் கழுத்து நோகக்கூடாது."

பஸ்சில் ஒரு மடி

வேலை முடிந்து வரும் பஸ்சில் இருக்க இடம் கிடைத்தால் அன்றைக்குப் பெருநாள். ஒருநாள் அப்படிக் கிடைத்தது. அடுத்த தரிப்பிலேயே இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு ஒரு கிழவி ஏறி, எனக்கு முன்னால் வந்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தா. இந்த வயதில் உனக்கு என்ன கேடு என்ற பார்வை. அந்தப் பார்வை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எழும்பி இடம் கொடுத்தேன். சாரதி ஒரு வளைவை வெட்டி எடுத்தார். என் முழங்கால் இரண்டும் ஒரேயடியாகக் கைவிட்டன. நான் போய் விழுந்தது அந்தக் கிழவியின் மடியில், கத்தரிக்காய்களுக்கு மேலே. பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கிழவி என்னை இறக்கிவிடவில்லை. இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இரு மகளே, இரு. ஆனால் திருப்பி எடுக்கிற இடமெண்டால் முதலே சொல்லியிருக்கலாம்."

இராணியின் யன்னல்கள்

பிரான்காச்சோ பக்கம் இன்னொரு வீட்டிலும் வேலை பார்த்தேன். கீழே தளபாடப் பட்டறை, மேலே முதலாளியின் வீடு. மரத்தூள் ஒருபோதும் ஓயாது. காலையில் துடைத்தால் மத்தியானம் பழையபடி. முதலாளியின் மனைவிக்கு யன்னல்தான் முக்கியம். அன்றைக்கு எனக்குத் தலையிடி. வெயில் கண்ணாடியில் பட்டு ஊசியாய்க் கண்ணுக்குள் இறங்கியது. கடைசி யன்னலில் கையைத் தூக்க ஏலாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சுகமில்லை என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. காய்ச்சல் இல்லை. அப்படியென்றால் சுகம்தானே என்றா.

என் பெயர் றெஜினா. ஊரில் அது சும்மா ஒரு வேதக்காரப் பெயர். இத்தாலியனில் அதற்கு இராணி என்று அர்த்தம். கதவடியில் என் பையை எடுத்துத் தந்துவிட்டு அந்த மனுசி சொன்னா: "உனக்குச் சரியாத்தான் பேர் வைச்சிருக்கினம். இராணிமார் யன்னல் துடைக்கிறேல்லைத்தானே."

பல்கனியில் சூசை

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். வேலை போனதற்கு இல்லை, அந்தப் பேச்சுக்கு. சூசை மெல்லக் கேட்டார்: "உண்மையாவே ஏலாமல்தானோ, றெஜினா?" அது அந்த மனுசியின் பேச்சைவிடக் கூடக் குத்தியது. காட்ட ஒரு காயம்கூட இல்லை.

அடுத்தநாள் காலமை தேத்தண்ணிக்குச் சீனிப் போத்தலைத் திறக்க நான் பட்ட பாட்டை வாசலில் நின்று பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சில் அணைத்து, கடைசியில் பல்லால் கடித்தேன். அவர் வந்து போத்தலை வாங்கித் திறந்து வைத்தார். பிறகு, நான் தோய்த்து வைத்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். கடையில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிற மனிசன் வீட்டில் ஒரு கரண்டிகூடக் கழுவினது இல்லை. அன்றைக்கு என் சட்டை, பாவாடை எல்லாவற்றையும் உதறி உதறிக் காயப்போட்டார்.

எதிர்ப்பல்கனியில் எங்கள் ஊர் அந்தோனியண்ணை சிகரெட்டோடு நின்றார். இப்படி ஒரு காட்சி கிடைத்தால் விடுவாரா? "என்ன சூசை, வீட்டிலையும் வேலை எடுத்திட்டீரோ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் உள்ளே படுத்திருந்து காதைப் பொத்தப் பார்த்தேன். சூசை வாயில் இருந்த உடுப்புக் கவ்வியை எடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "ஓம் அண்ணை. இஞ்சை முதலாளி நல்லவ. கத்துறேல்லை, படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறா."

மலைக்குப் போன நேர்த்தி

ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் வாசலில் எங்கள் ஆக்களின் வைத்தியசாலை திறந்துவிடும். ஒருவர் நாவூறு என்பார், ஒருவர் வாயு என்பார், இன்னொருவர் நல்லெண்ணெய் வைத்து முழுகாத குறை என்பார். "உமக்கு நோய் வருத்தம் இல்லையப்பா, யோசினை" என்று சொன்னவையும் உண்டு. எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றில்தான்: பெலெக்ரினோ மலைக்கு நடந்துபோய் அங்கேயுள்ள புனிதை சந்தா ரொசாலியாவிடம் கேட்டால் சுகம் வரும். எங்கள் சனம் அங்கே போகாத கிழமை இல்லை. நானும் நேர்த்தி வைத்தேன்.

பாதி வழிகூடப் போகவில்லை. ஒரு கல்லில் குந்தினேன், எழும்ப முடியவில்லை. கீழே கடல் மினுங்கியது. காற்று நன்றாக இருந்தது. எனக்கோ தோற்றுப்போனேன் என்ற வெட்கம். "வாரும், பஸ்சிலை போவம்" என்றார் சூசை. "நடந்து வாறன் எண்டு சொன்னனான். புனிதை என்ன நினைப்பா?" என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பஸ் வந்தபோது அவர் கேட்காமல் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்.

மலைக் குகைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் புனிதையின் உருவம், பொன் உடுப்போடு, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துச் சாய்ந்து படுத்திருந்தது. நான் முழந்தாளில் நிற்க முடியாமல் வாங்கில் இருந்தே செபித்தேன். சூசை அந்த உருவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "பயப்பிடாதையும். அவவும் படுத்துத்தான் கிடக்கிறா."

பெயர் கிடைத்த நாள்

அந்தப் பழைய டொக்டர் என்னை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டரிடம் அனுப்பினார். அதற்குள் என் இத்தாலியனும் தேறியிருந்தது. எரிவுக்கும் குத்துக்கும் சொல் தெரியும். இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், எல்லாம் நல்லாய் இருக்கிறது என்று வந்தது. என்னைப்போன்றவைக்கு அந்த "எல்லாம் நல்லாய் இருக்கு" எவ்வளவு கெட்ட செய்தி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த டொக்டர் அதோடு விடவில்லை. பிடரி, தோள், இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தினா. அழுத்தின இடமெல்லாம் நான் துள்ளினேன். "உங்களுக்கு நோகுது. எனக்குத் தெரியுது" என்றா. நான் அங்கேயே விம்மி அழுதேன். அவ பாவம், நோவில் அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டா.

பிறகு பெயர்கள் சொன்னா. தசை நோவுக்கு ஃபிப்ரோமியால்ஜியா. தலையிடிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, மாறாத களைப்புக்கு ஒன்று. இவை ஒன்றோடு ஒன்று கூடித்தான் திரியும். ஒன்று வந்த உடம்பில் மற்றவை வருவது வழமை. உயிருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் விட்டும் போகாது. மெதுவாக, அளவாக வாழப் பழகவேண்டும் என்றா. வெளியே வந்து சூசைக்கு எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் மிச்சம் வைக்காமல். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை ஆக்கள் மாதிரித்தான். ஒராள் வந்து இடம் பிடிச்சால் பின்னாலை மச்சான், மச்சாள், சகலன் எல்லாரும் வந்திடுவினம்."

சின்யோராவின் மூன்று வருத்தங்கள்

கடைசியாக லிபெர்த்தாச் சின்யோராவிடம் சொல்லவேண்டியிருந்தது. அந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று பல நாள் பின்போட்டேன். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவும் வேலை வேண்டும். ஒரு காலமை கோப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, நின்றபடியே, பாடமாக்கினதுபோல ஒப்பித்தேன். நாலு பெயரையும் சொன்னேன். முழுதாக மாறாது என்றும் சொன்னேன். சில நாள் கெதியாக வேலை செய்வேன், சில நாள் ஏலாது, எந்த நாள் எது என்று எனக்கே தெரியாது என்றேன்.

சின்யோரா கோப்பியைக் குடித்து முடித்தா. கிண்ணத்தை வைத்தா. பிறகு எழும்பி, அயன் பண்ணுகிற மேசையடிக்குப் போய், அதன் காலை நெம்பி உயரத்தைக் குறைக்கப் பார்த்தா. அது இறுகிப்போய்க் கிடந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்துக் கீழே இறக்கினோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. சின்யோரா சொன்னா: "எனக்கு இரத்த அழுத்தம் இருக்கு, மூட்டுவாதம் இருக்கு, என்ரை மச்சாள் இருக்கிறா. மூண்டுக்கும் மருந்தில்லை. கதிரையைக் கொண்டுவா, இருந்துகொண்டு அயன் பண்ணு."

ஆகவே நோவுச் சகபாடிகளே, சுகமில்லாத ஆளும் சுகமாக இருக்கலாம். என்ன, மற்றவையைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேருவோம்.