அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. குலசேகரன்பட்டினத்தில் பிறந்து, தூத்துக்குடியில் எங்கள் பலசரக்குக் கடை வீட்டில் வளர்ந்து, ஆறுமுகநேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவருடைய பொறுமையும் கைப்பக்குவமும் நீங்கள் அறிந்தவை. நீங்கள் அறியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே காது மந்தம். சட்டைப்பையில் காது கேட்கும் கருவியின் பெட்டியும் காதில் வயருமாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். உதட்டையும் பார்த்து, பெட்டியில் வரும் சத்தத்தையும் சேர்த்து, சொற்களை எப்படியோ பிடித்துவிடுவேன். அந்தச் சத்தம் கோபமா கொஞ்சலா என்பது மட்டும் பிடிபடாது. அப்பாவுக்கோ முகத்தில் எப்போதும் ஒரே கடுகடுப்பு. "ஏலே மூதி, வந்து தின்னுட்டுப் போலே!" என்பார். என்னைத் திட்டுகிறார் என்றே நம்பினேன். அவர் இருக்கும்போது சாப்பிட உட்கார மாட்டேன்.

புதுத் துறைமுகம் திறந்த வருடம் அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"யக்கா, அப்பாவுக்கு என்னையப் புடிக்காதா?"

"கிறுக்கா, அப்பா உன்னையக் கொஞ்சுதாவலே! அவிய குரலு…" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். குரலை எனக்கு எப்படிக் காட்டுவது?

மறுநாள் அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்பாவின் வாய் "மூதி" என்றது. பின்னால் அக்காவின் முகம் அல்வா தின்பதுபோலக் கனிந்தது. அதுதான் அப்பாவின் குரலாம்! இத்தனை நாளும் வீட்டில் எல்லோரும் இதையா கேட்டுக்கொண்டிருந்தார்கள்? அன்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு யார் என்னிடம் பேசினாலும், யார் யாரிடம் பேசினாலும், அக்கா பின்னால் போய் நிற்பார். ஒருமுறை அம்மா, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மைனி" என்று அத்தையை உபசரித்தார். அம்மாவுக்குப் பின்னால் அக்காவின் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது. அத்தை பார்த்துவிட்டார்.

"ஏளா, என்னத்துக்கு மூஞ்சியச் சுழிக்க?"

"கொசு கடிச்சிட்டு அத்தை."

அம்மாவிடம் குட்டு வாங்கினாரே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. அத்தை இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு இருதயக் கோளாறால் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கட்டிலுக்கு முன்னால் அக்காவுக்கு முதுகு காட்டி நின்று மருத்துவர் என்னிடமும் அத்தானிடமும் சிரித்த முகத்தோடு, "பயப்படாதீங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பழக்கத்தில் அவருக்குப் பின்னால் பார்த்தேன். தலையணையில் அக்காவின் முகம் மெதுவாக வாடி, கண்கள் தாழ்ந்தன. அது அக்காவின் துக்கமில்லை. அவர் முகம் எனக்குத் தெரியாதா? அது மருத்துவரின் குரல். அவர் திரும்பியதும் அக்கா சிரித்து, "சரிங்க சார்" என்றார். தன் சாவைக்கூட எனக்கு மறைக்காமல் காட்டிய அந்த மனசை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்க வீட்டில் நீங்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். சொற்கள் எல்லாம் புரிந்தன. ஒவ்வொருவருக்கும் பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை. உங்கள் குரலில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.