குணேஸ்வரியின் பூரிக்கட்டை

குணேஸ்வரிக்கு இந்த உலகத்தில் எதிலும் பற்றில்லை. இதை அவரே சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். லொங்குய்ய் நகரத்து வீட்டை மகன் பிரசாந்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நகைநட்டெல்லாம் மருமகள் சாம்பவியிடம் போய்விட்டது. "எனக்கு இனி என்ன கிடக்கு? எல்லாம் மாயை" என்று பெருமூச்சு விட்ட கையோடு, தேத்தண்ணியில் சீனி காணாதென்று மருமகளைக் கூப்பிடுவார்.

மாயைக் கதை அவருக்கு இரண்டு பக்கத்தாலும் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆணவம், கன்மம், மாயை என்று மனப்பாடம் செய்தது ஒரு பக்கம். மற்றப் பக்கம் சீக்கியப் பெண்ணான ஹர்ஜிந்தர் கவுர். செயின்ட்-மிஷேல் தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் இருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், சிநேகம் மட்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் குணேஸ்வரியைக் குருத்வாராவுக்குக் கூட்டிப் போகத் தொடங்கியதும் அவர்தான். இருவரும் பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும் குழைத்த ஒரு பாஷை. சண்டை பிடிக்க அது தாராளமாகப் போதும்.

குருத்வாராவில் யார் வந்தாலும் தரையில் ஒரே வரிசையாக இருத்திச் சாப்பாடு போடுவார்கள். லங்கர் என்று பெயர். சமைப்பதும் பரிமாறுவதும் சேவை. 'என்னுடையது' என்ற நினைப்புக் கரையத்தான் அந்தச் சேவை என்பார்கள். குணேஸ்வரியும் கரைந்தார். ரொட்டி தேய்க்கும் மேசையில், அடுப்புச் சூடு படாத ஜன்னலோர மூலையைப் பிடித்துக்கொண்டு கரைந்தார். வீட்டிலிருந்து பூரிக்கட்டை ஒன்றைக் கொண்டுபோய், சிவப்பு நூல் கட்டி, வேலை முடிந்ததும் மா மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வருவார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருடைய ரொட்டி வட்டமென்றால் வட்டம்தான். வீட்டில் அவர் சமைத்ததைப் பேரப்பிள்ளைகள் மணந்து பார்த்துவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி நழுவிவிடுவார்கள். இங்கே ஊரே சாப்பிட்டது. அந்த மூலையில் நிற்கும்போதுதான், தான் இன்னும் நாலு பேருக்குத் தேவையான ஆள் என்று அவருக்குத் தோன்றும்.

மாரியில் மெட்ரோ வாசலில் உறைபனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் வெட்டிய கிழமையே குருத்வாராவுக்கு ஓடினார்.

மூலையில் பல்தேவ் சிங் நின்றார். ஓய்வுபெற்ற டாக்சிக்காரர், கதவு நிலையை அடைக்கும் உடம்பு. கையில் சிவப்பு நூல் கட்டிய பூரிக்கட்டை! அவர் தேய்த்த ரொட்டி எதற்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு வடிவம் இல்லை.

குணேஸ்வரி போய் ஹர்ஜிந்தரை இழுத்து வந்தார்.

"அது என்ர இடம். அது என்ர கட்டை."

ஹர்ஜிந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "உலகம் பொய்யெண்டு எங்கட குரு சொல்லேல்லை, குணேஸ்வரி. ரொட்டியும் மெய், பசியும் மெய். என்ர என்ர எண்டு பிடிச்சுக்கொண்டு, தந்தவனை மறக்கிறதுதான் மாயை. பொன்னையெல்லாம் விட்டிட்டு, போயும் போயும் ஒரு கட்டையைப் பிடிச்சிருக்கிறியே!"

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம். மாயையை நான் பள்ளிக்கூடத்திலயே படிச்சு முடிச்சனான்."

பல்தேவ் சிங் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, குணேஸ்வரி கட்டையை எடுத்து ஒரு உருண்டையில் வைத்து அழுத்தினார். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. மா அசையவேயில்லை. இனி இந்த மூலை தனக்கில்லை என்று அப்போது விளங்கியது, கண் கலங்கியது. கட்டையாவது மிஞ்சட்டும் என்று அதைத் தலையில் போட்டிருந்த சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, சாப்பாட்டு வரிசையில் போய் இருந்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த வரிசையில் ஒழுங்காக இருந்து சாப்பிட்டதில்லை. மேசையடியிலேயே நின்று விழுங்குவதுதான் வழக்கம். பருப்பு வந்தது, பாயசம் வந்தது. பிறகு ரொட்டிக் கூடையோடு பல்தேவ் சிங் வந்தார்.

"கட்டையைக் காணேல்லை ஆன்டி, அதுதான் பரிமாற வந்திட்டன்."

அங்கே ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். குணேஸ்வரி இடது கையை மட்டும் நீட்டினார். வலது கை சால்வைக்குள் கட்டையைப் பிடித்திருந்தது. பல்தேவ் சிங் குனிந்தபடி காத்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள்.

"கை இன்னும் நோகுதோ, ஆன்டி? நீங்கள் இல்லாமல் எங்கட ரொட்டியெல்லாம் கோணல். எல்லாரும் உங்களைத்தான் கேட்டவை."

குணேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கை தானாகத் தளர்ந்தது. கட்டை மடியால் விழுந்து, விரிப்பில் உருண்டு, பல்தேவ் சிங்கின் காலடியில் போய் நின்றது.

பல்தேவ் சிங் கட்டையைப் பார்த்தார், குணேஸ்வரியைப் பார்த்தார். தாடிக்குள் சிரிப்பு ஒன்று வந்து மறைந்தது. கட்டையை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, "வாஹேகுரு" என்று இறைவன் பெயர் சொல்லி, குணேஸ்வரி சேர்த்து ஏந்திய இரண்டு கையிலும் ஒரு ரொட்டியை வைத்தார்.

ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் கருகல். அதைச் சொல்லத்தான் குணேஸ்வரி வாயைத் திறந்தார். ஆனால் ரொட்டி சூடாக இருந்தது, அவருக்குச் சரியான பசி. தின்று முடித்துவிட்டு, இரண்டு கையையும் மறுபடி நீட்டினார்.