மருமகள் சொல்லக்கூடாத பெயர்

அட்-பாஷி மலைப் பக்கம் மருமகளாகப் போகிறவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: மாமனார் பெயர் வாயில் வரக்கூடாது. ஊல்கானின் மாமனார் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. அதனால் அவள் இரும்பைக்கூட இரும்பு என்று சொன்னதில்லை, ‘கறுப்பு’ என்பாள். கூட்டுப்பண்ணையில் பால் கறந்த காலத்தில் இவள் கறுப்பு வாளி கேட்க, புதிதாக வந்த மேற்பார்வையாளன் அரை நாள் கறுப்பு நிற வாளியைத் தேடி அலைந்தான், பாவம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுக்குக் கடைசியாகப் பையன் பிறந்தது மாமனார் செத்த அதே மாதத்தில். மாமியார்க்காரி தொட்டிலில் குனிந்து, செத்தவர் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டாள். போயும் போயும் அந்தப் பெயர்தானா கிடைத்தது? மாமியாரிடம் யார் போய்க் கேட்பது! பெற்ற பிள்ளையை ஒரு தரம்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ‘கடைக்குட்டி, கடைக்குட்டி’ என்றே வளர்த்தாள் ஊல்கான்.

வீடு கடைசி மகனுக்கு, பெற்றவர்களும் அவன் பொறுப்பு. ஊர் வழக்கம் அதுதான். ஆனால் கடைக்குட்டி கட்டட வேலைக்கு ரஷ்யாவுக்குப் போனான். அங்கே இருக்கும்போது அப்பன் செத்தார். அவனுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தான், வர முடியவில்லை. அப்பன் குழியில் ஒரு பிடி மண் போடாத மகனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். மறுநாள் அவன் போன் செய்தபோது ஊல்கான் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “உனக்கு அப்பனும் இல்ல, அம்மாவும் இல்ல. வை போனை.” அவன் வைத்தான். பிறகு அந்த எண்ணும் செத்துப்போனது.

பெற்ற மனம் பித்து என்பார்கள். ஊல்கானின் மனம் முதல் வருஷம் கல்லாகத்தான் இருந்தது. அடுத்த குளிர்காலத்தில், கூரையில் ஏறிய பனியைத் தள்ள ஆளில்லாமல் அவளே ஏணி வைத்து ஏறினாள். ஏறியவள் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் ரஷ்யாவிலிருந்து யார் வந்தாலும் போய் விசாரிப்பாள். கட்டிக்கொடுத்த மகள்கள், “அவன் பேச்சை எடுக்காதம்மா” என்று வாயை அடைத்தார்கள். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மானியம் வந்தது, வயதானவர்களுக்கு இணையம் கற்றுக்கொடுக்க. நூலக அறையில் சில டேப்லெட்டுகள், ஒரு வருஷ இணைப்பு, அடுப்புக்கு நிலக்கரி. விண்ணப்பம் எழுதியவளும் பாடம் எடுத்தவளும் பள்ளிக்கூடத்து டீச்சர் சால்தனாத். முதல் வாரம் கிழடுகள் பேரன் பேத்திகளைக் கூட்டி வந்து எல்லாவற்றையும் அதுகள் கையால் செய்து முடித்தன. சால்தனாத் பிள்ளைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மானியக்காரர்களின் நிபந்தனையே அதுதான்: கடைசி நாளில் ஒவ்வொருவரும் தான் விரும்பிய ஒரு காரியத்தைத் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும். செய்தால்தான் அடுத்த வருஷமும் வகுப்பு.

கண்ணாடியில் விரல் தேய்க்கப் பழகவே ஊல்கானுக்கு ஒரு மாதம் பிடித்தது. பழகியதும் நேரே சால்தனாத்திடம் போனாள்.

“என் கடைக்குட்டியைத் தேடணும்டி.”

“தேடிடலாம் பெரியம்மா. பேரை அடிங்க.”

ஊல்கான் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். சால்தனாத்தும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளும் அந்த வம்சத்து மருமகள்தானே! அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அதே வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஓசி டீக்காகவே வகுப்புக்கு வரும் ஒமுர்சாக்குக்குக் கொண்டாட்டம். ஊல்கானின் கொழுந்தன் முறை, ஆம்பளைக்கு அந்தத் தடை கிடையாது. “என்ன மதினி, இத்தனை பொம்பளைங்க இருக்கீங்க, எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா? எனக்கு ஒரு கிண்ணம் குதிரைப்பால் குமிஸ் குடு, நானே அடிச்சுத் தாறேன்.”

“உன் குதிரையை விக்க விளம்பரம் அடிக்கவே உனக்குத் தெரியல, போய்யா! என் வாயாலதான் அவனைத் துரத்தினேன். நானேதான் தேடணும்.”

கடைசி நாளன்று மானியக்காரர்கள் சார்பில் பிஷ்கெக்கிலிருந்து பேகாயிம் என்ற பெண் வந்து உட்கார்ந்தாள். ஒருத்தி கரண்ட் பில் கட்டினாள். ஒமுர்சாக் தன் குதிரைப் படத்தை இணையச் சந்தைப் பக்கத்தில் ஏற்றினான், தலைகீழாக. அடுத்து ஊல்கான். தேடுகிற கட்டத்தைத் தொட்டாள். மாமியார் மட்டும் உயிரோடு இருந்தால் என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு எழுத்து எழுத்தாக அடித்தாள்.

தெமிர்குல்கள் வரிசை கட்டி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தள்ளிக்கொண்டே போனவள் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தனிடம் நின்றாள். இடப் புருவத்தில் ஆடு முட்டிய தழும்பு.

“இருக்கான்,” என்றாள். “ஐயோ, எப்படி இளைச்சிருக்கான் பாரு!”

அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்களே, அதுவே போதும். நீங்க பாஸ்,” என்று பேகாயிம் எழுந்தாள்.

“உட்காரும்மா. எனக்கு இன்னும் முடியல.”

குரல் பதிவதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்தாள். என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்றா? வந்தது ஒரே சொல்தான். “தெமிர்குல்...” விரல் நழுவியது. செய்தி போய்விட்டது. பெண்கள் திகைத்துப்போய்ச் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சால்தனாத் எல்லோருக்கும் டீ ஊற்றத் தொடங்கினாள். இரண்டாவது கிண்ணம் நிறைவதற்குள் டேப்லெட் அலறியது.

“அம்மா! என்னம்மா ஆச்சு? யாரும்மா செத்தது? அக்காவா? சொல்லும்மா!”

அவன் பதறியதில் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து அம்மா வாயில் அவன் கேட்டிராத சொல். உலகமே கவிழ்ந்தாலொழிய அவள் அதைச் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

“யாரும் சாகலடா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்.”

“பின்ன ஏன் என் பேரைச் சொன்ன?”

“வேற எப்படிக் கூப்பிட்டா நீ வருவ?”

அந்தப் பக்கம், பின்னால் இயந்திரங்கள் இரையும் சத்தத்துக்கு நடுவே, வளர்ந்த ஆண்பிள்ளை ஓவென்று அழுவது அறை முழுக்கக் கேட்டது.

“அழு,” என்றாள் ஊல்கான், தலைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அழுது முடிச்சிட்டு, எப்ப வர்றேன்னு சொல்லு.”