பார்சலுக்கு எடுத்த ஆரத்தி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஸ்வரய்யர் கண்ணாடி அலமாரியின் முன்னால் நின்று சட்டையைக் கழற்றுவார். உடனே மாட்டிக்கொள்வார். உள்ளே இருப்பவை ஜெர்மன் பீங்கான் பொம்மைகள். பொம்மைகளைச் சட்டையோடு துடைக்கலாம். ஆனால் அத்தனையும் தசாவதாரப் பொம்மைகள். சட்டையோடு கோயிலுக்குள் கால் வைக்க முடியாத ஊர் இது. கடைசியில் ஒரு கையை மட்டும் சட்டையிலிருந்து உருவிக்கொண்டு, பாதி மார்பு தெரியத் துடைக்க ஆரம்பிப்பார்.

"பொம்மையாணோ சாமியாணோன்னு யாராவது தீர்த்துச் சொல்லட்டும் ஓய். மீதிக் கையையும் உருவிடறேன். அதுவரைக்கும் இப்படித்தான்" என்பார் என்னிடம்.

கோட்டைக்குள் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் தும்மினால் நான் இங்கே தலையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே அவருடைய குழப்பங்களில் பாதி எனக்கும் சொந்தம்.

ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் அவர் குமாஸ்தா. அங்கே அவர் கட்டி வைக்கும் காகிதக் கட்டு ஒன்றுகூடப் பிசகியதில்லை என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் கச்சேரிப் படியை விட்டு இறங்கியதும் மனுஷருக்குத் திசை தெரியாமல் போய்விடும். சாலைக் கடைத்தெருவில் சேனை வாங்குவதா, பூசணி வாங்குவதா என்று எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்துவார். "ஒரு அபிப்பிராயம் வேணுமாக்கும்" என்று பணிவாகத்தான் கேட்பார். சொன்னால் மனதார நன்றி சொல்வார். பிறகு அடுத்த ஆளை நிறுத்துவார். வீட்டுக்கு வரும்போது பை காலியாக இருக்கும்.

வேலையைத் தேடிக் கொடுத்தது மாமா. சூடாமணி அம்மாளைப் பார்த்து நிச்சயம் செய்தது அத்தை. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவராகச் செய்த காரியம் இந்தப் பொம்மை சேர்ப்பது ஒன்றுதான். பத்திரிகையில் ஒரு பம்பாய் வியாபாரியின் விளம்பரத்தைப் பார்த்தார், எழுதிப்போட்டார். மச்சம் வந்தது, கூர்மம் வந்தது. இப்படி ஒவ்வொன்றாக ஒன்பது அவதாரங்கள் வந்து சேர்ந்தன. ஆறாவதான பரசுராமர் மட்டும் பல வருஷங்களாகக் கையிருப்பில் இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. வாமனருக்கும் ராமருக்கும் நடுவில் காலியாக இருந்த அந்த இடத்தையும் அவர் வாரம் தவறாமல் துடைப்பார்.

போன கும்ப மாதத்தில் பரசுராமர் வந்தார். முந்தைய ஒன்பதும் கச்சேரி விலாசத்துக்கு வந்தவை. அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சத்தமில்லாமல் அலமாரிக்குள் வைத்துவிடுவார். இந்தத் தடவை சந்தோஷத்தில் வீட்டு விலாசத்தை எழுதித் தொலைத்திருக்கிறார். தபால்காரர் குட்டன் பிள்ளை வாசலில் நின்று, "சாமி, பார்சல். ஒப்பு போடணும்" என்று குரல் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் சூடாமணி அம்மாள் கணவரைக் கையால் தடுத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பகவான் வந்திருக்கார். வெறுமனே உள்ளே எடுக்கறதா? நில்லுங்கோ."

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி வந்தது. பார்சலைச் சுற்றினால் அதை ஏந்தி நிற்கும் குட்டன் பிள்ளையையும் சேர்த்துத்தானே சுற்ற வேண்டும்? அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிரசாதம் வாங்குகிறவர்போல அசையாமல் நின்றார். முடிவில் எப்படியோ ஒரு கையை விடுவித்துத் தட்டில் ஒரு சக்கரக் காசைப் போட்டுவிட்டு, "இனி நான் போகட்டே அம்மா?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தோம். வைக்கோலுக்குள் கையை விட்ட நாகேஸ்வரய்யர் முதலில் வெளியே எடுத்தது பரசுராமர் கைக் கோடாலியான மழு. அவர் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதற்குப் பிறகு பரசுராமர் வந்தார். ஜடை, தாடி, விரல்கள் எல்லாம் பழுதில்லை. கை இறுக மூடியிருந்தது; அதற்குள் பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் வியாபாரியின் அச்சடித்த சீட்டும் இருந்தது. உடைந்து வந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் துண்டுகளோடு திருப்பி அனுப்ப வேண்டியது, வேறு அனுப்பித் தருவோம் என்று எழுதியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் இதில் யோசிக்க ஏதுமில்லை. ஆனால் இங்கே ஆரத்தி எடுத்தாகிவிட்டதே! எடுக்காமல் இருந்திருந்தால் அது உடைந்த பீங்கான். எடுத்துவிட்டதால் ஊனப்பட்ட சாமி.

"வாசல்லே ஆரத்தி எடுத்து அழைச்ச பகவானைச் சணல்லே கட்டித் தபால்லே திருப்பி விடறதாவது! கேட்டாலே பயமா இருக்கு" என்றாள் சூடாமணி அம்மாள்.

நாகேஸ்வரய்யர் அபிப்பிராயம் கேட்கக் கிளம்பினார். புரோகிதர் வெங்கடசுப்ரமணிய சாஸ்திரிகள் விரலை மடக்கி யோசித்து, "ஊனமான விக்கிரகம் அகத்திலே வைக்கப் பாடில்லை. திருவல்லத்திலே பரசுராமர் கோயிலாச்சே, அங்கே ஆத்திலே விட்டுடும்" என்றார். கச்சேரியில் பக்கத்து மேஜை அருமைநாயகம் நாகர்கோவில்காரர், கிறிஸ்து வேதக்காரர். "ஒடஞ்ச சாமானத்தத் திருப்பி அனுப்பும் வேய். புதுசு வருமில்லா? இதுக்குப் போயி ஆலோசன கேக்கீரே!" என்று சிரித்தார். என் பங்குக்கு நான், ஆசாரியிடம் கொஞ்சம் வஜ்ரப் பசை வாங்கி ஒட்டிவிடலாம் என்றேன். நாகேஸ்வரய்யர் முகம் சுருங்கிப்போயிற்று. "தோலைக் காய்ச்சி எடுக்கறதாக்கும் அந்தப் பசை. பொம்மைன்னா ஒட்டலாம். சாமின்னா?"

சாமி என்றால் ஆற்றில் விட வேண்டும். விட்டால் அந்த இடம் எந்நாளும் காலி. பொம்மை என்றால் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் சூடாமணி அம்மாளுக்கு ராத்தூக்கம் போய்விடும், அவருக்குந்தான். சோற்றைப் பிசைந்துவிட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டோமா, ரசம் ஊற்றிக்கொண்டோமா என்று இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கே பாவமாக இருந்தது. தானாக ஆசைப்பட்டு ஒன்றைச் செய்தார். அதுவும் ஊராருடைய வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

கெடு முடியும் நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். கிழக்கேகோட்டை வாசலுக்கு வெளியே வந்ததும் நின்றுவிட்டார். ஒரு பக்கம் திருவல்லம் போகும் பஸ் இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் தபாலாபீசுக்குப் போகும் ரோடு. இரண்டு எட்டு பஸ்ஸை நோக்கி வைப்பார். திரும்பி இரண்டு எட்டு ரோட்டை நோக்கி வைப்பார். பஸ் கிளம்பிப் போயிற்று. தபாலாபீசும் சாத்தும் நேரம் ஆயிற்று. தெரிந்தவர்கள் நாலைந்து பேர் எங்களைக் கடந்து போனார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஒருவரையும் அவர் நிறுத்தவில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி வீட்டுக்குத் திரும்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பீங்கான் உரசும் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்பது அவதாரங்களையும் கீழ்த்தட்டுக்கு இறக்கியிருந்தார். வெறுமையான மேல்தட்டின் வடக்கு ஓரத்தில் பரசுராமர் மட்டும் நின்றார். தெற்கு ஓரத்தில் அந்த மழு கிடந்தது. நடுவில் வெறும் பலகை.

சூடாமணி அம்மாள் கையில் விளக்கோடு வந்து நின்றாள். "என்னன்னா இது? அவர் இங்கே, மழு அங்கே?"

"எறிஞ்சாச்சு."

"என்ன எறிஞ்சாச்சு?"

"கோகர்ணத்திலே நின்னு மழுவை எறிஞ்சாரோன்னோ? கன்னியாகுமரியிலே வந்து விழுந்துது. அதுவரைக்கும் கடல் விலகி மண்ணை விட்டுக் கொடுத்துது. அந்த மண்ணிலேயாக்கும் நீயும் நானும் நிக்கறோம். எறிஞ்சப்புறம் கையிலே எப்படி இருக்கும்?"

அவள் பொம்மையைப் பார்த்தாள், மழுவைப் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள்.

"சாஸ்திரிகளைக் கேட்டேளா?"

"கேக்கலை."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். திருப்தி இல்லை போலிருக்கிறது. கையை நீட்டி மழுவை இன்னும் இரண்டு விரற்கடை தெற்கே தள்ளி வைத்தார்.