ரசம் வேட்டுக்கு அப்புறம்

வியாழன், மாலை ஐந்தரை மணி. அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் செய்த காரியம், கடல் எங்கேயும் இல்லையே என்று சுற்றிப் பார்த்ததுதான். பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கி எழுந்தவளுக்கு அது குறையாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. கடலும் கிடையாது, கடலோரத்தில் அணுமின் நிலையமும் கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் என்ன புண்ணியம் செய்தார்களோ என்று நினைத்தபடி பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது. கடை மேசையில் மட்டும் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பெரம்பலூரில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பேரிடர் பயிற்சி. நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊருக்கும் அணுமின் நிலையத்துக்கும் ஒன்பது கிலோமீட்டர். நிலையத்தில் விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊரை வைத்து ஒத்திகை நடத்துவார்கள். எங்கள் தெருவின் அறுபத்திரண்டு வீடுகளுக்கு நான்தான் பொறுப்பு. போன ஒத்திகையில் அந்த அறுபத்திரண்டு வீடும் சேர்ந்து என் மானத்தை வாங்கின.

எங்கள் ஊரில் இரண்டு சைரன் உண்டு. ஒன்று சுனாமிக்கு. அது அடித்தால் வீட்டை விட்டு ஓட வேண்டும். இன்னொன்று அணுமின் நிலையத்துக்கு. அது அடித்தால் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சு காற்றோடு வரும். முதலாவது மாநில அரசின் பொறுப்பு, இரண்டாவது மத்திய அரசின் பொறுப்பு. சத்தம் மட்டும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. சுனாமியைக் கண்ணால் பார்த்த ஜனம் சைரன் கேட்டால் என்ன செய்யும்? ஒத்திகை அன்று மொத்தத் தெருவும் ரோட்டுக்கு ஓடியது. தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி எல்லாருக்கும் முன்னால் ஓடியது, இப்போது நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள். பந்தலில் உட்கார்ந்திருந்த இரண்டு அதிகாரிகளில் மத்திய அரசுக்காரர், நிலையத்தின் மதில் சுவருக்கு உள்ளே நடப்பது எங்கள் பொறுப்பு, வெளியே நடப்பது உங்களுடையது என்றார். மாநில அரசுக்காரர், சைரனை வைத்தது நீங்கள்தானே என்றார். உண்மையாகவே காற்று வந்திருந்தால் என் மகள் அதற்கு நடுவில் நின்றிருப்பாள் என்று அந்தப் பந்தலில் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஒத்திகைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மாலை ஆறேகால். டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் பூஜ்ஜிய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பதினோரு கிலோமீட்டர் வழியெங்கும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன.

"மைன்ஸ் பக்கத்துல இருக்குற ஊருக்கா போறீங்க? யாரு வூடு?" என்றார் கண்டக்டர்.

"கலைச்செல்வி டீச்சர் வீடு."

"அப்ப நாளைக்கு ஒரு மணிக்கு, கல்லு ஒடைக்க வைக்கிற வேட்டுச் சத்தம் கேப்பீங்க. பயந்துடாதீங்க."

"எங்க ஊர்ல இதைவிடப் பெரிசா இருக்கு" என்றேன். எதற்காக அதில் ஒரு பெருமை வந்தது என்று தெரியவில்லை.

கலைச்செல்வியை முன்பு திருச்சியில் நடந்த ஒரு பயிற்சியில் தெரியும். இரண்டு நாள் ஒரே அறையில் தங்கினோம். அங்கே என் ஒத்திகைக் கதையைக் கேட்டுவிட்டு, "எங்கூருக்கு ஒருதடவ வாங்க டீச்சர், சைரன்னா என்னன்னு காட்டுறேன்" என்றார். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டு ஒரு நாள் முன்னதாகவே வந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

வெள்ளி, காலை ஏழு மணி. வீட்டுச் சுவர்களில் வேட்டு அதிர்வில் விழுந்த விரிசல்கள். சிமென்ட் வைத்துப் பூசி, மேலே வெள்ளையடித்திருக்கிறார்கள். பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல். இந்தச் சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் பட்டேன். இவர்களுடைய ஆபத்து சுவரில் தெரிகிறது, விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். எங்களுடையதற்கு நிறமில்லை, வாசனையில்லை, வந்தாலும் தெரியாது.

பகல் பன்னிரண்டே முக்கால். பள்ளி இரண்டு வீடு தள்ளித்தான். மதிய இடைவேளையில் கலைச்செல்வி வந்து இலை போட்டார். சோறு, முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல்.

"ரசம் வேட்டுக்கு அப்புறந்தாங்க" என்றார்.

"ஏன்?"

"முன்னாடி ஊத்துனா தரை ஆடி இலையில ஓடிப்போயிரும். இந்தத் தெருவுல எல்லா வூட்டுலயும் அப்படித்தான். சாம்பார் சாப்பிட்டு முடிக்கறதுக்கும் வேட்டு வெடிக்கறதுக்கும் சரியா இருக்கும்."

சாப்பாட்டு வரிசையையே ஆபத்துக்குத் தக்கபடி அமைத்துக்கொண்ட ஜனங்கள்! எங்கள் தெருவில் சைரனை எப்படிப் பழக்குவது என்று நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே ரசத்தை வைத்தே பழக்கியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது. சாம்பாரும் கொஞ்சம் காரம்தான்.

அப்போது சைரன் அடித்தது.

கலைச்செல்வி நிதானமாக எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். அலமாரியில் இருந்த பித்தளைக் குடத்தைத் தரையில் இறக்கினார். தண்ணீர்ப் பானை மேல் துணியைப் போட்டார். பக்கத்து வீட்டில் யாரோ மாட்டைக் கொட்டகைக்குள் இழுத்துக் கட்டுவது கேட்டது. இவ்வளவையும் நான் எங்கிருந்து பார்த்தேன் தெரியுமா? திறந்திருந்த வாசல் வழியாக, தெருவிலிருந்து. சாம்பார் கையோடு, செருப்புகூட இல்லாமல், நட்ட நடுத் தெருவில் நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது வாசல் தாண்டினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. சைரன் கேட்டது, கால் ஓடியது. அவ்வளவுதான். அறுபத்திரண்டு வீட்டுக்கும் "உள்ளே இருங்கள், உள்ளே இருங்கள்" என்று தொண்டை வறளப் பாடம் நடத்தியவள் நான்.

தெருக்கோடியிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஹேண்டில் பாரில் சிவப்புக் கொடி, சட்டைப் பையில் விசில், இடுப்பில் வாக்கி டாக்கி. வழியெல்லாம் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். "ராசாத்தி, உள்ளயா? முருகேசு, புள்ளைங்க வந்துடுச்சா?" ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பதில் வந்தது. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார்.

"யாருங்க நீங்க? உள்ள போங்கம்மா!"

எனக்குக் கால் வரவில்லை. ஓடுவதற்கு அவ்வளவு வேகமாக வந்த கால், திரும்புவதற்கு வரவில்லை. அவர் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. ஒரு ஆளு வெளிய நிக்கிது. நான் சொன்னப்புறம் வைங்க."

வைக்கவில்லை. நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள்! பாறையைப் பிளக்கும் மருந்தும் வயரும் தயாராக இருக்க, சாம்பார் கையோடு நின்ற ஒரு வெளியூர்க்காரிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். கலைச்செல்வி ஓடி வந்து என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கொடிக்காரர் எங்கள் வாசல் கதவைத் தானே சாத்திவிட்டுக் கிளம்பினார். அப்புறம்தான் இரண்டாவது சைரன். தரை ஒரு தடவை உதறியது, பாத்திரங்கள் கிணுகிணுத்தன. கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. கடைசியாக நீண்ட சைரன். கலைச்செல்வி ரசம் ஊற்றினார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் என்று அவர் நினைத்திருப்பார். பாதி வெட்கம், மீதி அப்பட்டமான பொறாமை. இந்த ஊரில் வேட்டு ஓர் ஆளுக்காக நிற்கிறது. எங்கள் ஊரில் வரப்போவது யாருக்காகவும் நிற்காது.

பிற்பகல் மூன்று மணி. கொடிக்காரரின் பெயர் சின்னதுரை. டீக்கடையில் பிடித்தேன்.

"சைரனை நம்பி யாரும் உள்ள போவலீங்க" என்றார். "நான் வருவேன்னு தெரியும். வந்து பேரு சொல்லிக் கேப்பேன். பதில் வராத வூட்டு முன்னாடி நிப்பேன். நான் நிக்கிற வரைக்கும் வேட்டு வைக்க மாட்டாங்க. நான் வெய்யில்ல நிக்கணுமேன்னு அதுக்காகவே உள்ள போயிடுவாங்க."

"நீங்க எங்கே ஒளிஞ்சுக்குவீங்க?"

"ஊர்க்கோடியில ஒரு காங்கிரீட் கூண்டு இருக்குங்க. கடைசி வூட்டுலேருந்து நாப்பது அடி. நான் உள்ள போயி சொன்னாத்தான் அவங்க வைப்பாங்க."

அன்று மாலை கலைச்செல்வியிடம் என் பொறாமையை மறைக்காமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா இருங்க டீச்சர். உங்களுக்குக் கதிர்வீச்சு வந்தா போட்டுக்க மாத்திரை எடுத்து வெச்சிருக்காங்க. வூட்டுக்கு வூடு பேரு எழுதின லிஸ்டு இருக்கு. ஏத்திக்கிட்டுப் போக பஸ்ஸு, பாக்கறதுக்கு டெல்லியிலேருந்து ஆபீசர். எங்களுக்கு ஒரு சின்னதுரை, அவரு காய்ச்சல்ல படுத்தா அவரு மச்சான். பறக்குற கல்லுக்குத்தான் சைரன். தூசிக்கு யாரு அடிக்கிறா? எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதே, அதுக்கு எந்த ஆபீசர் வந்தாரு?"

உள்ளறையில் அவருடைய அப்பா இருமுவது கேட்டது. நான் காலையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கணக்கில் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் பொறாமை முழுதாகப் போகவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சனி, காலை எட்டு மணி. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். இது இலவச பஸ் இல்லை, முப்பது ரூபாய். வழியெங்கும் மக்காச்சோளம், பருத்தி. பெரம்பலூர் போகப் போக லாரிகள் குறைந்து, இலைகளில் பச்சை நிறம் தெரிந்தது.

பயிற்சி நடந்த மண்டபத்தில் என் முறை வந்ததும் இரண்டு சைரன் விஷயத்தைச் சொன்னேன். நான் தெருவுக்கு ஓடியதையும் சொன்னேன். நாற்பது ஆசிரியர்களும் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மாநிலம், ஒண்ணு மத்திய அரசு. ரெண்டு பேருக்கும் தனித்தனியா மனு எழுதிக் குடுங்க டீச்சர். ஒருத்தர் மாத்தினா போதும்."

"ஒருத்தரை மாத்தச் சொன்னா இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க சார்."

"அதுக்குத்தான் ரெண்டு மனு" என்றார். அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் எழுதினேன். மாலையில் சந்தையில் இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன், எண்பது ரூபாய். எங்கள் ஊரில் இதன் விலையும் கூடுதல்தான்.

ஞாயிறு, அரியலூரிலிருந்து திரும்பும் ரயிலில். மனுவுக்குப் பதில் வரும்வரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சின்னதுரை செய்வதைத்தான் செய்ய வேண்டும். சைக்கிள் இருக்கிறது, கொடி தைத்துக்கொள்ளலாம், அறுபத்திரண்டு வீட்டுப் பெயர்களும் எனக்கு மனப்பாடம். தெருவின் அந்தக் கோடியில் தொடங்கி இந்தக் கோடிக்கு வந்தால் கடைசி வீடு என் வீடு. விருத்தாசலம் தாண்டிய பிறகுதான் மற்றது உறைத்தது. எல்லாரையும் உள்ளே போகச் சொல்ல ஒருத்தி வெளியே இருக்க வேண்டும். எங்கள் தெருக்கோடியில் காங்கிரீட் கூண்டு இல்லை. இருந்தாலும் காற்றை அது தடுக்குமா?

வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஆறு மணி. பக்கத்து வீட்டில் விட்டுப் போயிருந்த மகளைக் கூட்டிவந்து, சைரன் அடித்தால் நான் சைக்கிளோடு தெருவில் இருப்பேன் என்று சொன்னேன். அவள் வெங்காயப் பையைத் துழாவியபடி கேட்டாள்.

"அப்போ நம்ம வீட்டுக் கதவை யார் சாத்துவா?"

"நீதான். சைரன் கேட்டா ஓடக் கூடாது. கதவையும் ஜன்னலையும் சாத்திட்டு உள்ளேயே இருக்கணும்."

"நீ வந்து தட்டினா?"

ஒத்திகைக்கு முன்னால் நான் வகுப்பில் நடத்திய பாடம் அவளுக்கு நினைவிருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் போட்டிருக்கும் துணியை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கை கால் முகம் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எழுந்து போய் என் பழைய நைட்டி ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிப் பின்கதவுக் கொக்கியில் மாட்டினாள். கீழே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து மூடி வைத்தாள்.

சின்னதுரை இந்நேரம் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் கூண்டுக்குள் போய்ச் சேரும்வரை அங்கே எல்லாம் காத்திருக்கும். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. வாளித் தண்ணீரை மட்டும் அன்றிலிருந்து என் மகள் தினமும் மாற்றுகிறாள்.