சாமிக் களை

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு மளிகைச் சாமான் பெயர்களைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. பல விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. மறந்த இடத்தில் மறந்துவிட்டேன் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில், மகள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில், கல்லீரல் நோய் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று மகள் சொன்னதால்தான் போனேன். பேசிய டாக்டர் சின்னப் பெண். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பது, பசி போவது, வயிறும் காலும் வீங்குவது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஏதோ எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தவள் மாதிரி பேசினாள். கடைசியில், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டாள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அப்பாவுக்குக் கிள்ளானில் ரயில்வே வேலை, குவாட்டர்ஸ் வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். கல்யாணம் ஆகாதவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே கப்பல் ஊதுவது போல ஊதிக்கொண்டு வருவார். "கப்பல் வந்துருச்சுக்கா, சோத்தைப் போடு" என்பார். சாப்பாட்டுக்கு முன்னால் கள்ளுக்கடையில் கொஞ்ச நேரம் நங்கூரம் போட்டுவிட்டுத்தான் அந்தக் கப்பல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அடுத்தது நல்லபடியாகப் பிறந்தால் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று மாமா பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். தம்பி பிறந்தான், பிழைத்தான். அந்த வருடத் தைப்பூசத்துக்கு மாமா விரதம் இருக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் தங்கியிருந்த அறையில் கூட இருந்தவர்கள் கருவாடு சுடுவார்களாம்.

ஒரு வேளைச் சோறு, தரையில் பாய், விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். கள்ளை அன்றோடு விட்டார். அப்பாதான் கிண்டல் செய்வார்.

"மாப்ள, கள்ளுக்கடைக்காரன் கடையை மூடிட்டு உன்னைத் தேடிக்கிட்டு வரப் போறான்."

"வரட்டும் மச்சான். அவனையும் ஒரு வேளை சாப்பிட வைப்போம்."

விரதம் போகப் போக மாமாவின் முகம் மாறியது. மூட்டை தூக்கி வெயிலில் கறுத்த முகத்தில் மஞ்சள் பூசினாற்போல ஒரு நிறம் ஏறியது. முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அத்தை. வேலியோரம் நின்று மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"பாத்தியா, உன் தம்பி முகத்துல சாமிக் களை வந்துருச்சு!"

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து தெருப் பெண்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கும்பிடவும் செய்தார்கள். மாமாவுக்குக் கூச்சம். "என்னையா கும்பிடுறீங்க? நேத்து வரைக்கும் என்னைப் பாத்தா கதவைச் சாத்துவீங்களே" என்று சிரிப்பார்.

ஒரு களை வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் தானாகக் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அந்த ஒரு வேளைச் சோற்றையும் மாமா பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ருசி விட்டுப் போவதுதான் உண்மையான விரதம் என்றார்கள். நிலைக்கதவில் மாடு மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். உடம்புச் சூடு என்று அம்மா மோர் கொடுத்தாள். கால் வீங்கியது. தரையில் படுப்பதால் என்றார்கள். உடம்பு இளைக்க வயிறு மட்டும் முன்னே வந்தது. அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் பின்பக்கத்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, மாமா தேத்தண்ணியை வாய்க்கால்ல கொட்டிட்டாரு" என்றேன். மாமா தேத்தண்ணி குடிப்பதையே விட்டிருந்தார். நான் பார்த்தது வேறு. வீடே சிரித்தது. இன்னொரு நாள் அவர் மடியில் உட்கார்ந்திருந்தபோது கிட்டத்தில் அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. "மாமா கண்ணுகூட மஞ்சளா இருக்கும்மா" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "வாயைக் கழுவுடி! கண்ணு பட்டுரும்." உடனே உப்பும் மிளகாயும் எடுத்து மாமாவுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். அதோடு எங்கள் வீட்டில் மாமாவின் நிறத்தைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. அழகைச் சொன்னால் திருஷ்டி. நோயை அழகு என்று நினைத்துவிட்ட பிறகு நோயையும் சொல்ல முடியாது.

தைப்பூசத்துக்கு முதல் நாளே லோரியில் எல்லாரும் பத்துமலை போனோம். காலையில் ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மாமாவுக்கு அலகு குத்தினார்கள். பக்தியோடு இருப்பவனுக்கு ரத்தம் வராது என்பது எங்களுடைய நம்பிக்கை. பக்கத்தில் குத்திக்கொண்டவர்களுக்கு ஒரு பொட்டு ரத்தம் இல்லை. மாமாவுக்குக் கன்னத்திலிருந்து வழிய ஆரம்பித்தது. விபூதியை வைத்து அழுத்தினார்கள். விபூதி சிவப்பானதே தவிர ரத்தம் நிற்கவில்லை. அலகை உருவிவிட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை.

கூட்டம் அப்படியே பேச்சை மாற்றிக்கொண்டது. "விரதத்துல என்னமோ குறை." "குறை என்ன குறை, ஊத்திக்கிட்டு வந்திருப்பான்." முந்தின நாள் வரை கும்பிட்டவர்களும் அங்கே இருந்தார்கள்.

மாமா அம்மாவைப் பார்த்து, "உன் புள்ள மேல சத்தியமாக்கா, ஒரு சொட்டு தொடல" என்றார்.

யாரோ போய் முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு மிஸ்ஸியைக் கூட்டிவந்தார்கள். நர்ஸை நாங்கள் அப்போது மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழ் மிஸ்ஸிதான். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, மாமாவின் கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கீங்க அண்ணே?"

அவருக்கு அது களை, நோய் இல்லை. என்ன கணக்குச் சொல்வார்?

மிஸ்ஸி அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, இவரை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கண்ணு பூரா மஞ்சள் காமாலை. வயித்துல தண்ணி இருக்கு. மேல ஏத்தாதீங்க."

லோரி பக்கத்திலேயேதான் நின்றது. அப்பா போய் டிரைவரைக் கூப்பிடத் திரும்பினார். அம்மா இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டுதலை முடிச்சிட்டுப் போறோம் மிஸ்ஸி. பச்சப் புள்ள விஷயம்."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. இவருக்குத்தான் ஆகும்."

மாமா அம்மாவையே பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றது. "நீ சொல்லுக்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அம்மா தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முருகன் பாத்துக்குவான். ஏறு" என்றாள்.

அலகும் காவடியும் இல்லாமல், பால்குடம் மட்டும் சுமந்து மாமா படி ஏறினார். நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். பின்னால் வந்த யாரோ, "குடிச்சிட்டு ஏறுனா இப்படித்தான் லா" என்றது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய்ப் பால் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினோம்.

திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி பேச்சு எழுந்தது. மாமா தூங்கிக்கொண்டே இருந்ததால், களைப்பு தீரட்டும் என்று தள்ளினார்கள். எத்தனை நாள் தள்ளினார்கள் என்பது நினைவில்லை. ஒரு காலையில் கிணற்றடியில் மாமா ரத்த வாந்தி எடுத்தார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கினார்கள். அவர் பேச்சு பிசகிவிட்டது. அப்பாவைக் கிடங்கு முதலாளி என்று நினைத்து, "இன்னிக்கு லீவு வேணும் தவுக்கே" என்று கெஞ்சினார். என்னைப் பார்த்து நீ யார் பிள்ளை என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னைக் கூட்டிப்போகவில்லை.

ஈரல் சுருங்கிப் போச்சு என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். ஈரல் என்றால் பாசாரில் ஆட்டுக்கறிக் கடையில் தொங்குவது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நமக்குள்ளும் அது இருக்கிறது என்று நான் அறிந்தது மாமா செத்த அன்றுதான்.

சாவு வீட்டில் அம்மா அழவில்லை. திட்டினாள். "குடிச்சே அழிஞ்சான் பாவி. சொல்லச் சொல்லக் கேக்கலையே." யார் வந்து கேட்டாலும் அதையே சொன்னாள். தைப்பூசம் வந்தால் சொல்வாள். தம்பி வளர்ந்த பிறகு யாராவது பீர் நீட்டினால், உன் மாமன் கதி தெரியுமில்ல என்பாள். தம்பியும் இன்று வரை தொட்டதில்லை. அவனுக்காக நேர்ந்துகொண்ட காவடியைப் பற்றி மட்டும் அவனுக்கு யாருமே சொல்லவில்லை. மாமாவின் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை.

கூட்டம் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்ற டாக்டரிடம் மெதுவாகப் போய் இதைச் சொன்னேன். தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரத்தம் உறையறதுக்கு வேண்டியதை ஈரல்தான் செய்யுது ஆன்டி. ஈரல் கெட்டுப் போனா ரத்தம் நிக்காது. விரதத்துல குறையெல்லாம் இல்ல."

"கள்ளுதானே காரணம்?"

"இருக்கலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமியாவும் இருக்கலாம். அது பிரசவத்துல தாய்கிட்டேயிருந்து புள்ளைக்கு வரும், வருஷக்கணக்கா சத்தம் போடாம இருக்கும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது. உங்க அம்மாவுக்கும் அது இருந்திருக்கலாம், அதனால நீங்களும் ரத்தம் எடுத்துப் பாருங்க, உங்க தம்பியையும் பாக்கச் சொல்லுங்க."

இப்போது பிறந்த பிள்ளைக்கே பி கிருமிக்கு ஊசி போட்டுவிடுகிறார்களாம். கிருமி இருந்தால் அதை அடக்க மாத்திரை உண்டு. சி என்று இன்னொன்று, அதை மாத்திரையிலேயே குணப்படுத்துகிறார்களாம். குடிக்காதவர்களுக்கும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியாலும் கொழுப்பாலும் ஈரல் கெடுமாம். ரத்த வாந்தி வருமுன்பே குழாய் விட்டுப் பார்த்து, வீங்கிய நரம்பைக் கட்டிவிடலாமாம். ரொம்பக் கெட்டுப்போனால் சிலருக்கு வேறு ஈரல் வைக்கவும் வழி இருக்கிறதாம். கண்ணில் மஞ்சள் தெரிந்தால் பச்சிலை, மந்திரிப்பு என்று நாளைக் கடத்தாமல் அன்றைக்கே போக வேண்டும் என்று அவள் அழுத்திச் சொன்னாள். ஊசியும் மாத்திரையும் மாமா காலத்தில் இல்லை. அன்றைக்கே போவது மட்டும் இருந்தது.

எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. காஜாங்கில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "நான்தான் குடிக்கிறதே இல்லையேக்கா, எனக்கென்ன ஈரலு?" என்றான். அப்போதுதான் காவடிக் கதையை அவனிடம் முதன்முதலாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நாளைக்குக் கிளினிக் போறேன்" என்றான். போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

சின்ன வயதில் அம்மா திட்டுவதைக் கேட்டு, அவளுக்கு மாமாவைப் பிடிக்கவே பிடிக்காது என்று நினைத்திருந்தேன். நானும் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் குடிகார மாமா என்றே சொல்வேன். அது ஏறு என்று சொன்ன வாய் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் குடித்துச் செத்தார் என்று ஆகிவிட்டால், அம்மா சொல்லிச் செத்தார் என்று ஆகாது. சாகும் வரை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருவரும், நீ என்ன செய்வாயம்மா, கைப்பிள்ளைக்காரி, பயந்துவிட்டாய் என்று அவளிடம் சொன்னதில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயின் பெயர், ஊசி, மாத்திரை எல்லாம் நான் காதில் வாங்கியபடி எழுதியவை. ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துத் தப்பிருந்தால் திருத்திப் போடுங்கள். அன்றைக்கே லோரியில் ஏற்றியிருந்தால் மாமா பிழைத்திருப்பாரா என்பதை மட்டும் விசாரித்து எனக்கு எழுத வேண்டாம்.