கந்தப்பளைச் சரிவில் பிரேக் பிடித்த கதை

ஹட்டனிலிருந்து உடப்புசல்லாவைக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். நல்ல கார், நல்ல வானம், வாயை மூடிக்கொண்டு ஓட்டும் சாரதி ஆகிய மூன்றும் அமைந்தால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பார்கள். 1955 பங்குனியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் புறப்பட்டபோது எங்களுக்கு வானம் மட்டும்தான் அமைந்தது.

பயணம் என்னுடையதல்ல, என் மனைவி சரோஜாவுடையது. நான் ஹட்டன் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். சரோஜா பெரிய வகுப்பு வரை படித்துத் தேறியவள். தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியை வேலை கேட்டு நான்கு வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். கடைசியில், உடப்புசல்லாவைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துத் துரை வெள்ளிக்கிழமை மாலை ஆள் மூலம் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை மூன்று மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணிக்கு அவர் கொழும்புக்குக் கிளம்பிவிடுவார். வராவிட்டால் வேலை அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மருமகனுக்கு.

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் ஒரு டிரங்குப் பெட்டி, படுக்கை, பாத்திர மூட்டை, இவற்றோடு நானும் வேறு. அதனால் பக்கத்து மளிகைக்கடை ஹனீபா நானாவின் காரை நம்பினோம். அவரும் அந்த வாரம்தான் பிரேக்குக்குப் புதுச் சாமான் போட்டிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் புதுக் கட்டை, பெடலுக்குக் கீழே இருக்கும் பெரிய சிலிண்டருக்குப் புது ரப்பர்கள். எல்லாம் அவரே கடை வாசலில் படுத்துக்கொண்டு செய்த வேலை.

"புதுப் பொண்ணு மாதிரி இருக்கு தம்பி, என்ட காரு. பயப்படாம ஏறுங்க" என்றார்.

மலைநாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே நிறுத்தினாலும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பித்தான் நிறுத்துவார்கள். சக்கரத்தடியில் ஒரு கல். கல்லை எடுத்தால் வண்டி உருளும், கியரைப் போட்டால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். நானாவின் பாட்டரிக்கு ஹாரன் அடிக்க மட்டுமே தெம்பு இருந்ததால், இந்தப் பழக்கத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

எட்டரைக்குக் கல்லை எடுத்தோம். முதல் வளைவிலேயே பிரேக் பெடல் தரைப் பலகை வரை போய் உட்கார்ந்தது. நானா மூன்று தடவை குத்திக் குத்தி மிதித்த பிறகு வண்டி மனமிரங்கி வேகம் குறைந்தது.

"என்னா நானா இது?" என்றேன்.

"புதுச் சாமான் தம்பி. பழகணும்."

நான் கோழை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மலையில் பிறந்து வளர்ந்தும் இறக்கத்தைக் கண்டால் என் கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும். தலவாக்கலை வரை முன்னால் நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைப் பிடித்தபடியே போனேன். சரோஜா பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

தலவாக்கலையில் பத்துச் சதத் தேநீர் குடித்துவிட்டு வேலையில் இறங்கினோம். பிரேக் குழாயில் காற்று இருந்தால் பெடல் மெத்தை மாதிரி அமுங்கும். மிதிக்கிற பலமெல்லாம் காற்றை நசுக்கவே போய்விடும். அதை வெளியேற்ற, சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயை அதில் மாட்டி, மறு முனையைப் போத்தலில் விட வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் போத்தலில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. நானா காருக்கடியில். நான்கு சக்கரத்திலும் எண்ணெய்தான் வந்தது, குமிழி ஒன்றுகூட இல்லை. கசிவும் இல்லை. கட்டைகளையும் நெருக்கமாகத் திருகிவிட்டார். பெடல் மட்டும் பழைய மாதிரியே பலகைக்குப் போயிற்று.

அங்கிருந்து நானுஓயா வழியாக நுவரெலியா வரை பெரும்பாலும் ஏற்றம். ஏற்றத்துக்குப் பிரேக் வேண்டாம் என்பதால் நானா பாடிக்கொண்டே ஓட்டினார். பட்டணத்துக்கு வரும்போது பதினொன்றரை. ஒரு பட்டறையில் விசாரித்தோம். திங்கட்கிழமை வரை விட்டுப் போங்கள் என்றார்கள். பஸ் நிலையத்தில் விசாரித்தோம். இராகலைப் பக்கம் போகும் அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. ஒரு டின் பிரேக் எண்ணெய் வாங்கினோம்.

நான் சரோஜாவைத் தனியே அழைத்து, "திரும்பிருவோமா? இன்னொரு வேலை கெடைக்காமலா போயிரும்?" என்றேன்.

"நாலு வருஷமா கெடைக்கலீங்க" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

கந்தப்பளை தாண்டியதும் பாதை இறங்கத் தொடங்கியது. இரு பக்கமும் தேயிலை, கீழே எங்கோ தேயிலை அரைக்கும் ஒரு தோட்டத்து ஸ்டோரின் தகரக் கூரை வெயிலில் மின்னிற்று. இரண்டாவது வளைவில் நானா மிதித்தார், பெடல் போயிற்று. மறுபடி மிதித்தார், மறுபடியும் போயிற்று. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி கீச்சென்று கத்திக்கொண்டு மண்கரையில் மூக்கை இடித்து நின்றது, எஞ்சின் அணைந்தது. யாருக்கும் காயமில்லை.

சரோஜா இறங்கினாள். "இனிமே பிரேக் பிடிக்காம இத உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுறதா இருந்தா நான் நடந்தே போறேன்" என்றாள்.

மணி பன்னிரண்டேகால். இன்னும் பதினைந்து மைலுக்கு மேல் இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, ஹட்டனில் நானா எடுத்ததையும் சேர்த்து மூன்றாம் முறையாகக் காற்று எடுத்தோம். போத்தலில் சுத்தமான எண்ணெய் மட்டும். நானாவுக்குக் கோபம் வந்து திருகாணியைத் திட்டினார், பிறகு என் மிதியைத் திட்டினார்.

சரோஜா மைல்கல்லில் உட்கார்ந்து, இடித்ததில் உருண்ட சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய்ப் போத்தல் உடையவில்லை. அதைக் கூடையில் படுக்கப் போட்டவள், திரும்ப எடுத்தாள். ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள். பிறகு, "நானா, அந்தப் பெரிய சிலிண்டர் நிக்குதா, படுத்திருக்கா?" என்று கேட்டாள்.

"படுத்திருக்கு தங்கச்சி."

"எண்ணெ எந்தப் பக்கமா வெளிய போகுது?"

"முன்பக்கமா."

"வண்டி எந்தப் பக்கம் தாழ்ந்து நிக்குது?"

நானா வண்டியின் மூக்கைக் காட்டினார். சரோஜா போத்தலைக் கழுத்துப் பக்கம் தாழ்த்திப் பிடித்தாள். உள்ளே இருந்த குமிழி அடிப்பக்கம் ஏறி ஒட்டிக்கொண்டது. "காத்து மேட்டுலதானே நிக்கும்? நீங்க ஹட்டன்லயும் பள்ளத்தப் பாத்து நிறுத்தித்தான் எடுத்தீங்க, தலவாக்கலையிலயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். அது பின்னால சொகமா உக்காந்திருக்கு. நீங்க முன்னால எண்ணெய மட்டும் எடுத்துக்கிட்டு இருக்கீங்க."

நானா காரைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார். "மூக்க மேட்டுக்குத் திருப்பணும்கிறியா? என்ட வாழ்க்கையில நான் அப்புடி நிறுத்தினதில்ல தங்கச்சி. பொறகு எப்புடி ஸ்டார்ட் எடுக்கிற?"

"மொதல்ல நிக்கட்டும் நானா. பொறகு ஓடலாம்."

காரைத் திருப்ப இடம் வேண்டும், ஆளும் வேண்டும். இரண்டும் நூறு கஜம் மேலே இருந்தன. அங்கே பாதையோரமாக ஒரு கொழுந்து மடுவம், பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகை. பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். சரோஜா நேரே போய்க் கங்காணியிடம் கேட்டாள். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நிறுவை முடியாமல் ஆளை விட முடியாது என்றார். ஆனால் கொழுந்தை நிறுத்து முடித்த ஒரு பெண், தலையில் போர்த்திய கொங்காணிச் சாக்கோடு முன்னால் வந்து, "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு. டீச்சர் வேலைக்கு. மூணு மணிக்குள்ள போகலேன்னா இல்லேன்னுருவாங்க."

அந்தப் பெண் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "ஏ புள்ளைங்களா, டீச்சரம்மா காரு. வாங்க" என்றாள். ஏழெட்டுப் பேர் கூடைகளை மடுவத்துச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்கள். கங்காணி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, தள்ளுவதைவிட அதிகமாகச் சத்தம் போட்டார்.

பின்பக்கமாகவே தள்ளி மேலேற்றி, மடுவத்து முற்றத்தில் திருப்பி, மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினோம். சரோஜாவும் தள்ளினாள். அவள் சேலை முந்தானையில் புழுதி, கையெல்லாம் கறுப்பு. ஹனீபா நானாவின் கார் வானத்தைப் பார்த்து நின்றதை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

நான் மிதித்தேன். நானா காருக்கடியில் இருந்தார். போத்தலைப் பிடித்தவள் சரோஜா. முதல் மிதியில் ஒன்றுமில்லை. இரண்டாவது மிதியில் "வருது, வருது" என்றாள். குழாய் வழியே பொலபொலவென்று குமிழிகள். பெண்கள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். டின்னிலிருந்து எண்ணெய் ஊற்ற ஊற்ற, நான் மிதிக்க மிதிக்க, என் காலடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்தது. நான்கு சக்கரமும் முடிந்து திருகாணியை இறுக்கியதும் ஒரு மிதி மிதித்தேன். கால் பாதியிலேயே நின்றது. கருங்கல்லை மிதித்தது போல் இருந்தது. ஒரு பிரேக் பெடலுக்காகக் கண்கலங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மறுபடி எல்லாரும் சேர்ந்து காரைப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நானா ஏறினார். நானும் ஏறினேன், யாரும் கூப்பிடாமலே. கல்லை எடுத்ததும் வண்டி உருண்டது, எஞ்சின் பிடித்தது. வளைவுக்கு முன்னால் அவர் ஒரே ஒரு மிதி மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது, என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. மடுவத்திலிருந்து பெண்கள் போட்ட கூச்சல் கந்தப்பளைக்கே கேட்டிருக்கும். நெற்றி வலித்தது, மனம் குளிர்ந்தது.

சரோஜா ஓடி வந்து ஏறிக்கொண்டாள். மணி இரண்டாக இன்னும் கொஞ்சம் இருந்தது. இராகலை வந்தது, போயிற்று. அல்கிரனோயா வளைவுகளில் நானா ஒவ்வொன்றுக்கும் தேவையில்லாமல் ஒரு மிதி மிதித்து, "பாத்தியா தம்பி, பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மலை திறந்து திறந்து மூடியது. அந்த இறக்கம் முழுவதும் நான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்பதை உடப்புசல்லாவை வந்த பிறகுதான் கவனித்தேன்.

நாங்கள் பங்களா வாசலில் திரும்பும்போது துரையின் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரே படியில் நின்றார். சரோஜா இறங்கிக் கும்பிட்டாள். துரை அவள் கைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"கையில் என்ன?" என்று தோட்டத் தமிழில் கேட்டார்.

"பிரேக் எண்ணெங்க துரை. வழியில வண்டி நிக்காமப் போச்சு. நிக்க வச்சுட்டு வர்றோம்."

துரை எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்தார். ஹனீபா நானா மரியாதைக்காகக் கதவைத் திறந்து, பெடலை ஒருமுறை மிதித்தும் காட்டினார். துரை சிரித்துவிட்டு, உள்ளே போய்த் தாளையும் பேனாவையும் தானே எடுத்து வந்தார். சரோஜா கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் ரேகையும் கறுப்பாக விழுந்துவிட்டது. அழிக்கப் போனவளை, "இருக்கட்டும்" என்று தடுத்தார்.

அவளுக்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே ஓர் அறை கொடுத்தார்கள். பெட்டியை இறக்கி வைத்தேன். மாதம் ஒருமுறை வருகிறேன் என்றேன். "பஸ்லயே வாங்க" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹட்டனில் எங்கள் அறை இனி அவள் பேச்சுச் சத்தம் இல்லாமல் இருக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் என்னை எட்டியது.

திரும்பி வரும்போது கந்தப்பளை ஏற்றத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மடுவத்தடியில் அதே பெண்கள் மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் காரை அடையாளம் கண்டு ஓரம் ஒதுங்கினார்கள்.

"கெடைச்சுருச்சா?" என்று அந்தக் கொங்காணிக்காரி கேட்டாள்.

நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "கெடைச்சுருச்சு" என்று கத்தினேன். அவர்கள் வெறுங்கூடைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். கங்காணிகூடக் கையை உயர்த்தினார்.

அந்தப் பெண் காரோடு நாலடி நடந்து வந்தாள். "எங்க தோட்டத்துலயும் பள்ளிக்கூடம் பூட்டியே கெடக்கு ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச டீச்சர் வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க. காரு நின்னு போனாலும் பரவாயில்ல, நாங்க தள்ளிக் கொண்டாந்து சேத்துருவோம்" என்றாள்.